காந்தமும் கனமும்: குறைந்த செலவில் நல்ல எவர்சில்வர்

இப்போது புழக்கத்தில் இருக்கும் ஒரு ரூபாய் நாணயத்தின் அருகே காந்தம் ஒன்றைக் கொண்டுபோனால், நாணயம் துள்ளி ஒட்டிக்கொள்ளும். அது எவர்சில்வர் நாணயம். நூற்றில் 83 பங்கு இரும்பு, 17 பங்கு குரோமியம். வியர்வைக் கைகளிலும் மழையில் நனைந்த சட்டைப்பைகளிலும் ஆண்டுக்கணக்கில் புழங்கியும் துருப்பிடிக்காமல் இருக்கிறது. ஆனால் பாத்திரக் கடையில் நம்மவர்கள் தலைமுறைகளாக நம்பிவரும் சோதனை, “காந்தம் ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் நயம்” என்பது. இந்த நம்பிக்கையால் குறைந்த வருமானக் குடும்பங்கள் இழக்கும் பணம் கொஞ்சமல்ல. அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

ஓசூரில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். சிப்காட் ஆலைகளுக்கும், போச்சம்பள்ளி வாகன ஆலைக்கும், புதிதாக வந்த மின்னணு ஆலைகளுக்கும் வேலைக்கு வருபவர்கள் ஆயிரக்கணக்கில் வாடகை வீடுகளில் குடியேறுகிறார்கள். முதல் மாதச் சம்பளத்தில் வாங்குவது ஒரு பாய், ஒரு பக்கெட், ஒரு அடுப்பு, நாலு பாத்திரம். எரிவாயு இணைப்பு கிடைக்காத அறைகளில் அடுப்பென்றால் இண்டக்‌ஷன்தான். இண்டக்‌ஷன் அடுப்புக்குக் காந்தம் ஒட்டுகிற பாத்திரம் வேண்டும். ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் “காந்தம் ஒட்டாததாப் பாத்து வாங்கு” என்கிறார். பாகலூர் சாலைக் கடைக்காரர் “காந்தம் ஒட்டுனாத்தான் அடுப்புல சூடாகும்” என்கிறார். இரண்டில் எதுவும் முழு விடையல்ல. எவர்சில்வர் என்பது ஒரே உலோகம் அல்ல. ஒரு பெரிய குடும்பம். அந்தக் குடும்பத்தில் யார் யார் என்று தெரிந்துகொண்டால் கடையில் நிற்கும்போது குழம்ப வேண்டியதில்லை.

இரும்புடன் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் சேர்ந்தால் அது எவர்சில்வர். 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழாய்கள் தேய்ந்துபோவதைத் தடுக்க வழி தேடியபோது, 12.8 விழுக்காடு குரோமியம் கலந்த உருக்கு அமிலத்துக்கு எளிதில் மசியவில்லை என்று கண்டார். அதற்கு ஓராண்டு முன்பே ஜெர்மனியின் குருப் ஆலையில் குரோமியத்துடன் நிக்கலையும் சேர்த்த வகைக்குக் காப்புரிமை கேட்டுவிட்டார்கள். குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து பாத்திரத்தின் மேற்பரப்பில் ஒரு படலம் கட்டுகிறது. அதன் கனம் சில நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் சில பங்கு. கண்ணுக்குத் தெரியாது. தேய்த்தால் கீறுபடும், ஆனால் கீறு பட்ட தோல் ஆறுவதுபோல உடனே மறுபடி கட்டிக்கொள்ளும். பாத்திரத்தைக் காப்பது இந்தப் படலம் மட்டுமே, பளபளப்பு அல்ல. பளபளப்பு மெருகுச் சக்கரத்தின் வேலை. மட்டமான தகட்டையும் கண்ணாடிபோல ஆக்கிவிட முடியும்.

அடுத்த கேள்வி நிக்கல். 304 என்று எண்ணிடப்பட்ட வகையில் குரோமியம் 18 முதல் 20 விழுக்காடு, நிக்கல் 8 முதல் 10.5 விழுக்காடு. பாத்திரங்களில் “18/8” என்று முத்திரை இருந்தால் அது இதைத்தான் குறிக்கிறது. நிக்கல் இரும்பின் அணு அடுக்கையே மாற்றிவிடுகிறது. அந்த அடுக்கில் காந்தத்தன்மை போய்விடும், தகடு நெகிழ்ந்துகொடுக்கும், அமிலத்தைத் தாங்கும் திறனும் கூடும். ஆனால் நிக்கல் விலை உயர்ந்தது. இந்தியா தனக்கு வேண்டிய நிக்கலை ஏறக்குறைய முழுவதும் இறக்குமதி செய்கிறது. உலகச் சந்தையில் அதன் விலை எப்படித் துள்ளும் என்பதற்கு 2022 மார்ச் 8 சாட்சி. அன்று லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் டன்னுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. சந்தையே வணிகத்தை நிறுத்தி வைத்தது.

இந்த விலைக்கு மாற்று 1950களிலேயே அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. கொரியப் போர்க் காலத்தில் நிக்கல் தட்டுப்பாடு வந்தபோது, அதன் ஒரு பகுதிக்குப் பதிலாக மாங்கனீசையும் நைட்ரஜனையும் சேர்த்தார்கள். அப்படி வந்தவைதான் 201, 202 வகைகள். 202-இல் நிக்கல் 4 முதல் 6 விழுக்காடு, மாங்கனீசு 7.5 முதல் 10 விழுக்காடு. இந்தியாவில் இன்னும் ஒரு படி இறங்கி, ஜே4 என்று வணிகத்தில் சொல்லப்படும் வகை பெருகியிருக்கிறது. அதில் நிக்கல் ஒரு விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். மாங்கனீசு ஒன்பதை ஒட்டி. குரோமியமும் பதினைந்து பதினாறுக்குக் குறைந்துவிடும். ஈடுகட்டச் சிறிது செம்பு.

மாங்கனீசும் நைட்ரஜனும் நிக்கலைப் போலவே அணு அடுக்கை மாற்றிவிடுகின்றன. ஆகவே 202-இலும் காந்தம் ஒட்டாது, ஜே4-இலும் ஒட்டாது. காந்தம் ஒட்டவில்லை என்பதால் 304 என்று நம்பி வாங்குபவருக்கு, எட்டுப் பங்கு நிக்கல் உள்ள தகடும் ஒரு பங்கு நிக்கல் உள்ள தகடும் ஒன்றுபோலத்தான் தெரியும். மறுபுறம், நிக்கலே இல்லாமல் 16 முதல் 18 விழுக்காடு குரோமியம் மட்டும் உள்ள 430 என்ற வகையில் காந்தம் ஒட்டும். ஒரு ரூபாய் நாணயம் இந்த வகையைச் சேர்ந்தது. பல விஷயங்களில் ஜே4-ஐவிட 430 நம்பத்தகுந்தது என்பது என் கருத்து, ஏனென்றால் குரோமியத்தில் அது ஏமாற்றுவதில்லை. இதோடு இன்னொன்று: 304 தகட்டை அழுத்திக் குவித்துப் பாத்திரம் செய்யும்போது வளைவுகளிலும் விளிம்பிலும் அணு அடுக்கு சற்றுச் சிதைந்து, அங்கே மட்டும் காந்தம் லேசாக இழுக்கும். அதைப் பார்த்து நல்ல பாத்திரத்தை ஒதுக்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

குறைந்த நிக்கல் தகடு நஞ்சு என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. பாத்திரத்துக்கான குறை நிக்கல் தகடுகளுக்கு ஐஎஸ் 15997 என்று இந்தியத் தர நிர்ணயமே உண்டு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உப்பும் புளியும் தக்காளியும் தொடர்ந்து படும்போது அது 304-ஐவிட விரைவில் புள்ளி புள்ளியாக அரிக்கும். ஆழமாகக் குவித்த பாத்திரங்களில், செய்து பல நாள் கழித்துத் தானாகவே விளிம்பில் விரிசல் விடும் குறையும் இந்த வகைக்கு உண்டு. தகட்டுக்குள் அடங்கிக் கிடந்த இழுவிசை மெதுவாக வேலை செய்வதன் விளைவு அது. ஆக, 202 வாங்குவது தவறில்லை. 304 விலை கொடுத்து 202 வாங்குவதும், 202 விலை கொடுத்து ஜே4 வாங்குவதும்தான் இழப்பு.

இந்த வட்டாரத்துக்கும் இந்த உலோகத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. தருமபுரியும் ஓசூர் அடங்கிய கிருஷ்ணகிரியும் ஒரு காலத்தில் சேலம் மாவட்டத்தின் பகுதிகள். 1965-இல் தருமபுரி பிரிந்தது, அதிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. அந்தப் பழைய சேலத்தில், இரும்புத் தாதுக்குப் பெயர்போன கஞ்சமலை அடிவாரத்தில், 1970-இல் அடிக்கல் நாட்டி 1980களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கியது சேலம் உருக்காலை. எவர்சில்வர் தகட்டுக்கென்றே எழுந்த பொதுத்துறை ஆலை அது. நாணய வில்லைகள் வெட்டும் பிரிவும் அங்கே அமைந்தது. ஓசூர் சிப்காட்டிலோ வாகன உதிரிப்பாகங்கள் முதல் கைக்கடிகாரம்வரை உலோகத்தை அளந்து, சோதித்து, மைக்ரான் கணக்கில் கடைந்தெடுக்கும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். பகலில் தகட்டின் தரச்சான்று இல்லாமல் ஒரு சுருளைக்கூட ஆலைக்குள் விடாத அதே மனிதர், மாலையில் பாத்திரக் கடையில் பளபளப்பைப் பார்த்துப் பணம் கொடுக்கிறார். அந்தப் பழக்கத்தைக் கடைக்கும் கொண்டுபோனால் போதும்.

எப்படிக் கேட்பது? முதலில் முத்திரை. பாத்திரத்தின் அடியில் 304 என்றோ 18/8 என்றோ எண் இருக்கிறதா பாருங்கள். ‘ஃபுட் கிரேடு’ என்ற சொல் மட்டும் இருந்தால் அது எந்தக் கலவையையும் குறிப்பதில்லை. அடுத்தது ஐஎஸ்ஐ குறி. எவர்சில்வர் சமையல் பாத்திரங்களுக்கான தரநிர்ணயம் ஐஎஸ் 14756. இந்தக் குறியைக் கட்டாயமாக்கி ஒன்றிய அரசு 2024 மார்ச் 14 தேதியிட்ட ஆணையை வெளியிட்டது. அதன் நடைமுறைத் தேதிகள் தள்ளிப்போடப்பட்டன. சிறு உற்பத்தியாளர்களுக்குக் கூடுதல் அவகாசமும் தரப்பட்டது. குறியின் அருகே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் தட்டினால் எந்த நிறுவனம், எந்தப் பொருளுக்கான உரிமம் என்று காட்டும். ஒரு நிமிட வேலை.

மூன்றாவது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது: பில்லில் கிரேடை எழுதித் தரச் சொல்லுங்கள். “304 பால் பாத்திரம், இத்தனை கிராம்” என்று எழுதிக் கையெழுத்திடக் கடைக்காரர் தயங்கினால், அந்தத் தயக்கமே போதுமான தகவல். எல்லை தாண்டி பெங்களூரு சிக்பேட்டையில் வாங்கினாலும் இதே விதிதான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் வரி வேறுபாட்டுக்காக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்ட வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. பாத்திரங்களுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் இரு மாநிலங்களிலும் ஒன்றாகவே 12-லிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது.

நான்காவதாக ஒரு வேதிச் சோதனை உண்டு. பழைய உலோகம் வாங்குபவர்களும் சில கடைக்காரர்களும் வைத்திருப்பார்கள்: ஒரு சிறு குப்பியில் திரவம், கூடவே 9 வோல்ட் பேட்டரி. பாத்திரத்தின்மேல் ஒரு சொட்டு விட்டு, பேட்டரியை நொடிப்பொழுது தொடவைப்பார்கள். மின்சாரம் தகட்டின் நுனியளவைக் கரைக்கும். மாங்கனீசு மிகுந்த தகடானால் சொட்டு சிவக்கும். 304 என்றால் சிவக்காது. 430-இலும் மாங்கனீசு குறைவு என்பதால் அதிலும் சிவக்காது. இங்கேதான் காந்தத்துக்கு உண்மையான பயன். சொட்டும் சிவக்கவில்லை, காந்தமும் ஒட்டவில்லை என்றால் 304 என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். தனியாக நின்றால் ஏமாற்றும் காந்தம், துணையோடு வரும்போது நல்ல சாட்சி.

இதுவரை சொன்னது துருவைப் பற்றி. அடிப்பிடிப்பது வேறு பிரச்சினை. அதற்கும் கிரேடுக்கும் ஏறக்குறைய எந்தச் சம்பந்தமும் இல்லை. உயர்ந்த 304-இலேயே மெல்லிய தகட்டில் செய்த பாத்திரம் பாலைக் கருக்கிவிடும். இதைச் சரியாகப் புரிந்துகொள்ள இந்த மாவட்டத்தின் சமையலே நல்ல பாடம்.

கிருஷ்ணகிரி, ராகி விளையும் மண். இந்தப் பக்கம் களி, அந்தப் பக்கம் கன்னடக்காரர்களுக்கு முத்தே. கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டி, வேகவிட்டு, பாத்திரத்தைக் காலால் அண்டக்கொடுத்துத் துடுப்பால் கிண்டுகிற அந்த வேலைக்கு ஈடான சோதனை பாத்திரத்துக்கு வேறில்லை. சாம்பாரோ ரசமோ என்றால் அடியில் சூடான நீர் மேலெழும்பி, குளிர்ந்தது கீழிறங்கி, சூட்டைத் தானே பரப்பிக்கொள்ளும். களியில் அந்த ஓட்டம் நின்றுவிடும். அடியில் சூடான மாவு அங்கேயே கிடக்கும். அடுப்பின் சுடர் வளையமாக எரிவதால் பாத்திரத்தின் அடியிலும் ஒரு வளையம் மட்டும் கொதிசூடாகும். அந்தச் சூட்டைப் பக்கவாட்டில் பரப்பும் பொறுப்பு முழுவதும் உலோகத்தின்மேல் விழுகிறது.

எவர்சில்வர் இந்த வேலையில் மிகப் பலவீனமானது. வெப்பம் கடத்தும் திறனை எண்ணில் சொன்னால், செம்புக்கு ஏறத்தாழ 400, அலுமினியத்துக்கு 235, வார்ப்பிரும்புக்கு 50. எவர்சில்வர் 304-க்கு வெறும் 16. துருவிலிருந்து காக்கும் அதே குரோமியமும் நிக்கலும் வெப்பத்தின் பாதையில் தடைகளாக நிற்கின்றன. கிராமங்களில் களிக்குக் கனத்த அலுமினியக் குண்டானையே இன்றும் எடுக்கிறார்கள் என்றால் அதற்கு இயற்பியல் காரணம் இருக்கிறது.

தீர்வு, இரண்டையும் சேர்ப்பது. உள்ளே உணவு படும் பக்கம் 304, நடுவில் அலுமினியம், வெளியே காந்தம் ஒட்டும் 430. இதைத்தான் ‘ட்ரைபிளை’ என்கிறார்கள். வழக்கமான இரண்டரை மில்லிமீட்டர் தகட்டில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் அலுமினியம் இருக்கும். கடத்துதிறனைக் கனத்தால் பெருக்கிப் பாருங்கள்: இந்தத் தகடு பக்கவாட்டில் சூட்டைப் பரப்புவது, அதே கனமுள்ள முழு எவர்சில்வர் தகட்டைப்போல ஒன்பது மடங்கு, சந்தையில் கிடைக்கும் 0.6 மில்லிமீட்டர் சட்டியைப்போல முப்பத்தைந்து மடங்குக்கு மேல். இதற்கு இணையாக எதுவும் இல்லை. ஆனால் விலை கூடுதல்.

குறைந்த பணத்தில் அடுத்த நல்ல வழி ‘சாண்ட்விச் அடி’. சாதாரண எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் மட்டும் ஓர் அலுமினியத் தட்டை அழுத்திப் பொருத்தி, அதன்மேல் 430 தகடு மூடியிருக்கும். குழம்பு, பொரியல், பால், சோறு அனைத்துக்கும் போதும். வாங்கும்போது இரண்டைப் பாருங்கள்: அந்தத் தட்டு அடிப்பாகம் முழுவதையும் விளிம்புவரை மூடியிருக்க வேண்டும், மூன்று மில்லிமீட்டராவது தடிமன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தட்டு சிறியதாக இருந்தால் அதைச் சுற்றியுள்ள மெல்லிய வளையத்தில்தான் கருகும். செம்பு அடி என்று விற்பவற்றில் பெரும்பாலும் தாளின் கனத்தில் ஒரு பூச்சு மட்டுமே இருக்கிறது. செம்பு எவ்வளவு உயர்ந்த கடத்தியானாலும் அவ்வளவு மெல்லியதாக இருந்தால் அலுமினியத் தட்டுக்கு அருகில்கூட வராது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

இண்டக்‌ஷன் அடுப்பில் சூடு பாத்திரத்துக்குள்ளேயே பிறக்கிறது. அடுப்பின் சுருள் விநாடிக்குப் பல ஆயிரம் முறை திசைமாறும் காந்தப்புலத்தை உண்டாக்க, தகட்டின் அடியில் மின்னோட்டச் சுழல்கள் எழுகின்றன. 430 போன்ற காந்தத் தகட்டில் அந்த ஓட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்குள் நெருக்கப்படுகிறது. நெருக்கடியில் தடை கூடி, சூடு பிறக்கிறது. வெறும் 304-இல் அது இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் பரவி வலுவிழக்கும். ஆகவே இண்டக்‌ஷன்காரர்களுக்கு விடை எளிது: அடியில் காந்தம் ஒட்ட வேண்டும், உள்ளே 304 என்று முத்திரை இருக்க வேண்டும். அம்மாவும் கடைக்காரரும் ஒரே பாத்திரத்தில் உடன்பட்டுவிடலாம்.

கனத்தை அளக்க அளவுகோல் வேண்டாம். கடைத் தராசு போதும். தகட்டை ‘கேஜ்’ எண்ணால் சொல்வார்கள். எண் ஏற ஏற தகடு மெலியும். 20 கேஜ் என்றால் 0.9 மில்லிமீட்டர், 22 என்றால் 0.7, 26 என்றால் அரைக்கும் கீழே. இதைச் சரிபார்க்க ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 20 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள, மூன்று லிட்டர் சொச்சம் கொள்ளும் சாதாரணப் பாத்திரம், ஒரு மில்லிமீட்டர் தகடானால் ஏறத்தாழ 750 கிராம் இருக்கும். அரை மில்லிமீட்டரானால் 375. இது பிடியும் மூடியும் இல்லாமல். சாண்ட்விச் அடி இருந்தால் 300 கிராம் வரை கூடும். அதே அளவில் ட்ரைபிளை ஒரு கிலோவைத் தாண்டும். கொள்ளளவு ஒன்றாயிருக்க எடை பாதியாக இருந்தால், விலை குறைவு என்பது உண்மையில் குறைவே இல்லை. இந்தக் கணக்கால் கிரேடைக் கண்டுபிடிக்க முடியாது. 304-க்கும் 202-க்கும் அடர்த்தியில் இரண்டு விழுக்காடுகூட வேறுபாடு இல்லை.

ஓசூரில் குடியேறுபவருக்கு முதல் செலவு குக்கராக இருக்கட்டும். காரணம் ஊரின் உயரம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 880 மீட்டர் மேலே இருக்கிறது. 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்குவதால், இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையில் வெந்த அதே துவரம்பருப்பு இங்கே திறந்த பாத்திரத்தில் அதிக நேரமும் அதிக எரிவாயுவும் கேட்கும். குக்கரின் வெயிட், வெளிக் காற்றழுத்தத்துக்கு மேல் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் சேர்க்கிறது. ஓசூரிலும் உள்ளே 118 டிகிரியைத் தொடும்.

நாட்டின் பெயர்பெற்ற குக்கர் நிறுவனங்களில் ஒன்றான டிடிகே பிரெஸ்டீஜின் பதிவு அலுவலக முகவரி ஓசூர் சிப்காட்தான். அதன் தலைவராக இருந்த டி.டி. ஜகந்நாதன் ஒரு பொறியாளரும்கூட. போலிப் பாதுகாப்பு அடைப்பான்களால் குக்கர்கள் வெடிப்பதைக் கண்டு, மூடியின் ஓரத்தில் ஒரு நீள்துளை அமைத்தார். அடைப்பான் வேலை செய்யாமல் அழுத்தம் எல்லை மீறினால், அந்தத் துளை வழியாக ரப்பர் வளையம் பிதுங்கி நீராவி பக்கவாட்டில் வெளியேறிவிடும். பார்த்தால் சின்ன விஷயம்; எத்தனையோ சமையலறைகளைக் காத்த விஷயம். குக்கருக்கு ஐஎஸ் 2347 குறி 2021 பிப்ரவரி 1 முதல் கட்டாயம். குறி இல்லாததை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். வெயிட், வளையம், அடைப்பான் மூன்றும் அதே நிறுவனத்தினுடையவையாக இருக்கட்டும்.

எரிவாயு அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை: அலுமினியக் குக்கரே போதும். நம் வழக்கப்படி அரிசியும் பருப்பும் உள்ளே வைக்கும் அடுக்குப் பாத்திரங்களில் வேகின்றன. குக்கரின் சுவரில் உணவு படுவதே இல்லை. மிச்சமாகும் பணத்தில் அந்த அடுக்குகளை 304-ஆக வாங்குங்கள். குக்கருக்குள் கறுப்பதைத் தடுக்க நம் வீடுகளில் ஒரு துண்டு புளி போடுவார்களே, அது சரியான வேதியியல்: கடினநீர் உப்புகள் படிவதை அந்த அமிலம் தடுக்கிறது. இண்டக்‌ஷன் அறைகளில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. காந்த அடியுள்ள குக்கர்தான் வேண்டும்.

குக்கருக்கு அடுத்த இரண்டாவது செலவு, புளிக்குழம்பும் ரசமும் வைக்க சாண்ட்விச் அடியுள்ள ஒரே ஒரு நல்ல 304 பாத்திரம். மூன்றாவது, இரும்பு தோசைக்கல். எவர்சில்வர் தோசைக்கல்லில் பணம் போடாதீர்கள். மாவு ஒட்டும், விலையும் கூடுதல். தட்டு, டம்ளர், அரிசி பருப்பு டப்பா, மூடி இவற்றுக்கெல்லாம் 202 தாராளமாகப் போதும். உணவு சில நிமிடமே படும், அல்லது உலர்ந்தே இருக்கும். சேமிக்க வேண்டிய இடம் இதுதான். பதினெட்டுப் பாத்திர ‘செட்’ ஒன்றை விழாக்காலத் தள்ளுபடியில் வாங்குவதைவிட, இப்படிப் பிரித்து வாங்கினால் அதே பணத்தில் அடுப்பேறும் பாத்திரங்கள் இருபது ஆண்டு நிற்கும்.

ரசப் பாத்திரத்துக்கு ஏன் 304 என்றால், இந்த மாவட்டமே அமிலத்தில் சமைக்கிறது. ராயக்கோட்டைத் தக்காளி, புளி, கோடையில் மாங்காய். கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாம்பழக்கூழ்த் தொழிற்சாலைகளில் தொட்டியும் குழாயும் எவர்சில்வராக இருப்பதற்கு மாம்பழத்தின் அமிலமே காரணம். 2013-இல் அமெரிக்காவின் ஓரிகான் மாநில ஆய்வாளர்கள் தக்காளிச் சாற்றை எவர்சில்வருடன் மணிக்கணக்கில் கொதிக்கவைத்து அளந்தார்கள். புதுத் தகட்டிலிருந்து நிக்கலும் குரோமியமும் அதிகம் கரைந்தன. திரும்பத் திரும்பச் சமைத்தபோது குறைந்து, ஆறாவது முறைக்குப் பின் நிலைத்தது. பத்தாவது முறையில் 126 கிராம் சாற்றில் சராசரியாக 88 மைக்ரோகிராம் நிக்கல். ஆரோக்கியமானவர்கள் இதற்குக் கலங்க வேண்டாம். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள், கவரிங் நகை போட்டாலே தோல் தடிப்பவர்கள், கவனிக்க வேண்டும். அவர்களுக்குப் புளிக்குழம்புக்கு மண்சட்டியே நல்லது. மற்றவர்கள் புதுப் பாத்திரத்தில் புளித்தண்ணீரைச் சில தடவை கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டுப் புழங்கலாம்.

அமிலத்தைவிட உப்பு பொல்லாதது. உப்பிலுள்ள குளோரைடு, படலத்தின் ஒரு புள்ளியைத் துளைத்து உள்ளே இறங்கும். குளிர்ந்த நீரில் போட்ட கல்லுப்பு அடியில் கிடந்து கரையும்போது அந்த இடத்தில் செறிவு மிகும். அங்கேதான் ஊசிமுனைக் குழிகள் விழும். தண்ணீர் கொதித்தபின் உப்புப் போட்டுக் கிளறினால் இது நேராது. ஊறுகாயும் உப்பும் ஜாடியில் இருக்கட்டும். இரும்புக் கம்பிநாரால் தேய்த்தால் அதன் துகள்கள் தகட்டில் பதிந்து துருப்பிடிக்கும். பார்ப்பவர் பாத்திரம் துருப்பிடித்ததாக நினைப்பார். தேங்காய் நார் போதும்.

இங்கே ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்ததால்தான். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு. புளி போட்டுக் கொதிக்கவைத்தால் போய்விடும். நீலமும் ஊதாவுமாக வானவில் நிறம் தெரிந்தால், சூட்டில் படலம் சற்றுத் தடித்திருக்கிறது, அவ்வளவே. கெடுதல் இல்லை. ஆனால் ஃபுளோரைடு உள்ள தண்ணீரை எந்த உயர்ந்த பாத்திரத்தில் கொதிக்கவைத்தாலும் ஃபுளோரைடு போகாது; நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும்.

வீட்டில் பழைய பாத்திரங்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். “பழசைக் கொடுத்துப் புதுசு வாங்குங்க” என்று வரும் வண்டியிலோ கடையிலோ அவற்றைப் போடுவதற்கு முன் எடைபோட்டுப் பாருங்கள். பாட்டியின் பெயர் வெட்டிய கனத்த சட்டி, அடுப்பில் இன்னும் இரண்டு தலைமுறை நிற்கக்கூடியது. அதற்கு ஈடாகக் கைக்கு வருவது பெரும்பாலும் எடையும் கிரேடும் குறைந்த ஒன்று. வாங்குகிறவருக்கு அது தெரியும். பழைய உலோகச் சந்தையில் 304-க்கு ஒரு விலை, 202-க்கு ஒரு விலை; பெரிய வியாபாரிகள் கையடக்க எக்ஸ்ரே கருவியைத் தகட்டில் வைத்து, சில விநாடிகளில் குரோமியம், நிக்கல், மாங்கனீசு அளவுகளைத் திரையில் படித்துவிடுகிறார்கள். தகட்டின் அணுக்களை எக்ஸ்ரே தட்டி எழுப்ப, ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் ஒளிர்வதை அந்தக் கருவி பிரித்துப் படிக்கிறது. பாத்திரத்தில் ஒரு கீறலும் விழாது.

இத்தகைய கருவிகள் ஓசூருக்குப் புதியவையல்ல; ஆலைகளின் தரச்சோதனைப் பிரிவுகளில் அவை அன்றாடப் பயன்பாட்டில் இருக்கின்றன. 2019-இல் மாநகராட்சியாக உயர்ந்த ஊர் இது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேருந்து நிலையத்தருகே, ஒரு மேசையும் ஒரு கருவியும் அதை இயக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால், மக்கள் வாங்கிய பாத்திரத்தையும் பில்லையும் கொண்டுவந்து சரிபார்த்துக்கொள்ள முடியும். மாநகராட்சியும் சிப்காட் தொழில் சங்கங்களும் நுகர்வோர் அமைப்புகளும் இதைச் சேர்ந்து தொடங்க வேண்டும். பில்லில் 304 என்று எழுதியிருக்கத் திரையில் நிக்கல் ஒன்று என்று வந்தால், பில்லோடும் அந்தச் சோதனை முடிவின் அச்சுத்தாளோடும் கிருஷ்ணகிரி நுகர்வோர் ஆணையத்தின் படியேறலாம்.